லாரி இல்லாத பாதை: வாய்க்கால் கரையில் ஏறுங்கள்

வணக்கம். ஈரோட்டில் கிராவல் சைக்கிள் (மண் தடத்திலும் ஓடும் அகல டயர் சைக்கிள்) வாங்கியும் பெருந்துறை ரோட்டு லாரிகளுக்குப் பயந்து அது வீட்டிலேயே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கீழ்பவானி வாய்க்கால் ஓடுகிறதே! பவானிசாகர் அணையிலிருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். கரையோரம் பெரும்பாலும் செம்மண் தடம். எதிரே வந்தால் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், இல்லையென்றால் ஆட்டு மந்தை, அவ்வளவுதான். தண்ணீர் தானாக ஓட வெட்டிய வாய்க்கால், அதனால் ஏற்றமே தெரியாது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து தள்ளும். அதனால் காலையில் மேற்கே, கோபி பக்கம் போய்விட்டு, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்குங்கள். நான் ஒருமுறை மாற்றிச் செய்து, வெறும் 20 கிலோமீட்டருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அப்புறம் முள். சீமைக்கருவேலமும் நெருஞ்சியும் டியூபைச் சும்மா விடாது. டியூப் இல்லாத டியூப்லெஸ்ஸாக மாற்றி, ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவத்தை டயருக்குள் ஊற்றிவிடுங்கள். 38 மி.மீ. டயரில் 80 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்பது ரொம்ப அதிகம், கல்லில் குதிக்கும். உங்கள் எடைக்கு 40 பக்கம் வைத்துப் பாருங்கள். முள் குத்தினால் பிடுங்கியதும் ஓட்டையைக் கீழ்ப்பக்கம் திருப்புங்கள், சீலன்ட் பொங்கி அடைத்துக்கொள்ளும்.

ஐப்பசி மழையில் மட்டும் வேண்டாம். சேறு பிரேக்கில் அப்பிக்கொண்டால் சைக்கிளைத் தோளில்தான் சுமக்க வேண்டும். தண்ணீர் விட்டிருக்கும்போது விளிம்பை ஒட்டி ஓட்டாதீர்கள், ஆழமும் இழுப்பும் அதிகம்.