வீட்டு வளவின் புல்லுக்குப் பற்றரி இயந்திரமா, பெற்றோல் இயந்திரமா?

புல் வெட்டும் இயந்திரம் வாங்குவது பற்றிக் கொழும்பிலும் அயலிலும் இருந்து வந்த கேள்விகளுள், ஒரே விதமானவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (தெஹிவளை): ஐயா, எங்கள் காணி பத்துப் பேர்ச். வீடும் வாகனம் விடும் இடமும் போக, நாலு பேர்ச் அளவில் மலேசியன் புல் உண்டு. பெற்றோல் இயந்திரம்தான் உறுதியானது என்று கடையில் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர் என்பதால், நீங்கள் வெட்ட வேண்டியது 100 சதுர மீற்றர் மட்டுமே. 36 வோல்ற், 4 அம்பியர் மணி பற்றரி ஒன்றில் 144 வாற்று மணி மின்சக்தி இருக்கும். மோட்டார் சராசரியாக 500 வாற்று இழுத்தால் அது பதினேழு நிமிடம் ஓடும். ஓரடிக்குச் சற்றுக் கூடிய வெட்டு அகலமுள்ள இயந்திரத்தால், திரும்புவதற்கும் கூடையைக் கொட்டுவதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால், உங்கள் புல்லுக்குக் கால் மணித்தியாலம் தேவைப்படும். ஆகவே பற்றரி போதும், ஆனால் மிச்சம் அதிகம் இராது. புல் அடர்ந்திருக்கும் நாளில் மோட்டார் கூடுதலாக இழுக்கும் என்பதால், மழை மாதங்களில் வாரம் தவறாமல் வெட்டுங்கள், அல்லது இரண்டாவது பற்றரி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். பெற்றோல் இயந்திரம் உறுதியானதுதான். நாலு பேர்ச்சுக்கு அந்த உறுதி வேண்டியதில்லை.

கேள்வி (நுகேகொடை): பதினைந்து பேர்ச்சுக்கு மேல் புல் இருக்கிறது. வெளியூர் போய் மூன்று வாரம் கழித்து வந்தால் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. பற்றரி தாங்குமா?

பதில்: தாங்காது, பெற்றோல் இயந்திரமும் அந்த உயரத்தில் திணறும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகத் தெரியும். அடர்ந்த புல்லுக்குள் போகும்போது பெற்றோல் எஞ்சின் தானாகவே கூடுதல் எரிபொருளை எடுத்துச் சுழற்சியைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். பற்றரி இயந்திரமோ மோட்டாரும் பற்றரியும் சூடேறிக் கெடாதபடி மின்சாரத்தைத் தானே நிறுத்திவிடும். முதலில் பிரஷ் கட்டரால் (தோளில் மாட்டி வீசி வெட்டும் இயந்திரம்) உயரத்தைக் குறைத்து, சில நாள் விட்டு, அதன் பின்னரே தள்ளும் இயந்திரத்தை இறக்குங்கள். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுத்தால் புல் மஞ்சளாகி, இடையிடையே களை ஏறிவிடும். உங்கள் அளவுக்கும் பழக்கத்துக்கும் பெற்றோலையே பரிந்துரைப்பேன். பிரஷ் கட்டர் இரு வீச்சு எஞ்சினாக இருந்தால் அதற்கு 2ரி ஒயில் கலந்த பெற்றோல் வேண்டும். தள்ளும் இயந்திரங்களில் பெரும்பாலானவை நான்கு வீச்சு எஞ்சின் கொண்டவை, அவற்றுக்குக் கலக்காத பெற்றோலே ஊற்ற வேண்டும்.

கேள்வி (பத்தரமுல்லை): 2022இல் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோம், நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டையும் கண்டோம். எதை நம்பி வாங்குவது?

பதில்: மேலே சொன்ன பற்றரியை ஒரு தடவை நிரப்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிற்றில் ஆறிலொரு பங்கு அளவே செலவாகும். மின்சாரம் வரும் ஓரிரு மணித்தியாலத்துக்குள் அதை நிரப்பி வைத்துவிடலாம். கானில் பெற்றோல் வாங்குவது அந்நாட்களில் எவ்வளவு சிரமமாயிருந்தது என்பது உங்களுக்கே தெரியும். இந்த ஒரு விடயத்தில் பற்றரிதான் முன்னிற்கிறது.

கேள்வி (வெள்ளவத்தை): கனடாவில் இருக்கும் மருமகன் வரும்போது நல்ல பற்றரி இயந்திரம் ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: அம்மா, அவர் பெட்டி கட்டும் முன் மூன்று விடயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது சார்ஜர். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. சார்ஜரின் அடியில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால், நேரே செருகிய உடனே அது எரிந்துவிடும். இரண்டாவது விமானம். 100 வாற்று மணிக்கு மேற்பட்ட உதிரிப் பற்றரிக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதையும் கைப்பொதியில்தான் கொண்டுவரலாம். 160க்கு மேற்பட்டதைப் பயணிகளின் பொதியில் ஏற்றவே விடமாட்டார்கள். பெரிய இயந்திரங்களின் பற்றரிகள் பல இந்த எல்லையைத் தாண்டியவை. மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: சில வருடங்களில் பற்றரி சோர்ந்ததும் அதே வகை இங்கே கிடைக்காவிட்டால், நல்ல நிலையில் உள்ள இயந்திரமும் மூலையில்தான் கிடக்கும். பாசத்தோடு வரும் பொருளை மறுப்பது கடினம் என்பது எனக்கும் தெரியும். என்றாலும், அந்தப் பணத்துக்கு இங்கேயே வாங்கித் தரும்படி கேட்பது நல்லது.

கேள்வி (கல்கிசை): சில மாதம் வைத்துவிட்டு எடுத்தால் பெற்றோல் இயந்திரம் ஸ்ரார்ட் ஆவதில்லை.

பதில்: பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரின் நுண்துளையில், தேங்கிய பெற்றோல் பிசின் போல உறைந்திருக்கும். காபரேற்றரைக் கழற்றித் துப்புரவாக்க வேண்டும். இனி ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டாமல் வைப்பதாயிருந்தால் தாங்கியை வடித்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கடற்காற்று படும் வீடென்றால், அலகை மூடியிருக்கும் தகட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டிய புல்லை ஒவ்வொரு தடவையும் சுரண்டி உலர விடுவதும் அவசியம்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): பற்றரியை எங்கே வைப்பது? அலகைத் தீட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள்; லிதியம் பற்றரிக்கு வெப்பமே பெரிய எதிரி. நெடுநாள் வைப்பதானால் பாதியளவு மின்னேற்றத்துடன் வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். வெட்டி முடித்தவுடன் சூட்டோடு சார்ஜரில் போடாமல் ஆறவிடுங்கள். அலகில் கைவைக்கும் முன் பற்றரியைக் கழற்றுங்கள். பெற்றோல் இயந்திரமாயின் ஸ்பார்க் பிளக் வயரை இழுத்துவிட்டு, காபரேற்றர் மேற்பக்கம் இருக்கும்படி சரியுங்கள், இல்லாவிட்டால் ஒயில் எயார் பில்ரருக்குள் இறங்கிவிடும்.