பேண்ட் ஹூக், உள் பட்டன், ஜிப்: கேள்வி-பதில்

கே: ஹூக் இருக்கும் இடம் வெளியே தடமாகத் தெரிகிறது. அயர்ன் செய்தால் பளபளப்பும் விழுகிறது.

ஹூக்கின் மேலேயே பெட்டியை அழுத்தினால் பளபளக்காமல் என்ன செய்யும்? சுற்றி ஓட்டுங்கள். தடம் விழுவது, உள்தகடு நேரடியாக மேல்துணியில் உட்கார்ந்திருப்பதால். நடுவே ஒன்றரை இஞ்ச் சதுரத்தில் ஒரு கேன்வாஸ் துண்டு வேண்டும். இடுப்புப் பட்டியை மூடித் தைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. இப்போது பட்டியைப் பிரிக்காமல் வழியில்லை.

கே: இடுப்பு கொஞ்சம் இறுக்கம். ஹூக் மாட்டும் கம்பியை அரை இஞ்ச் தள்ளி வைத்தால் போதும் என்கிறார் டெய்லர். செய்யலாமா?

கூடாது. இதை எத்தனை முறை எழுதினாலும் அதே கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. கம்பியைத் தள்ளும்போது ஃப்ளையின், அதாவது ஜிப்பை மூடும் முன்மடிப்பின், மேல்முனை மட்டும் நகர்கிறது. அடிமுனை கவட்டைக்கு மேலே கெட்டித் தையலில் பூட்டியிருக்கிறது, அது நகராது. விளைவு, ஃப்ளை சாய்கிறது. ஜிப் பல்லை மூடும் துணி கால் இஞ்சிலிருந்து 3/8 இஞ்ச் வரைதான் இருக்கும். நீங்கள் அரை இஞ்ச் தள்ளினால் பல் வெளியே எட்டிப் பார்க்கும். உள்பக்கமாக நகர்த்தி இறுக்கினாலோ ஃப்ளை உப்பிக்கொண்டு நிற்கும். இரண்டுமே ஒழுங்காக வெட்டிய பேண்டைக் கெடுக்கும் வேலை.

இடுப்பைப் பின்பக்கம்தான் கூட்ட வேண்டும். ஆண்கள் பேண்டில் பட்டியை இரண்டு பாதியாக வைத்துப் பின் நடுவில் சேர்ப்பதே அதற்காகத்தான். ஒரு இஞ்ச் வேண்டுமானால் பக்கத்துக்கு அரை இஞ்ச். பட்டியிலிருந்து சீட் தையலை (பின் நடுத் தையல்) நாலைந்து இஞ்ச் பிரித்து, கீழே வரவரப் பழைய தையலோடு கலந்துவிடுங்கள். ஒன்றரை இஞ்சுக்கு மேல் போகாதீர்கள்; பின் பாக்கெட்டுகள் விலகிப்போகும். உள்ளே விட்ட துணியே இல்லையென்றால் பேண்டை விட்டுவிடுங்கள், ஹூக்கைத் தொடாதீர்கள். எவ்வளவு கூட்டுவது என்பதை நிற்கும்போது முடிவு செய்யாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

கே: பேண்ட் சரியாக உட்காரவில்லை. என்ன செய்ய?

எங்கே உட்காரவில்லை? இடுப்பிலா, சீட்டிலா, தொடையிலா? என்ன துணி? இடுப்பு அளவு எவ்வளவு? இது இல்லாமல் என்ன சொல்ல?

கே: உள் பட்டனைப் போட்டதும் ஃப்ளையின் ஓரத்திலிருந்து சாய்வாகச் சுருக்கம் ஓடுகிறது. கழற்றினால் போய்விடுகிறது.

பட்டன் இழுக்கிறது. வரிசை தப்பியிருக்கும்: முதலில் ஹூக்கை மாட்டி, ஜிப்பை ஏற்றி, பட்டி தட்டையாக இருக்கும்போது உள் நாக்கின் (வலது பட்டியிலிருந்து உள்ளே நீளும் துணித் துண்டு) காஜா எங்கே விழுகிறதோ அங்கே சாக் வைத்துக் குறியுங்கள். அதிலிருந்து நூல் கனம் தளர்வாகப் பட்டனைத் தையுங்கள், பட்டனுக்கும் துணிக்கும் நடுவே 3 மி.மீ. நூல் கழுத்து விட்டு. மட்டமும் பாருங்கள், பட்டன் காஜாவை விடத் தாழ்ந்திருந்தாலும் இதே சுருக்கம் வரும். வேண்டாமென்று பட்டனையே வெட்டிவிடாதீர்கள். பிறகு வலது பட்டி தொங்கும், இழுவை முழுக்க ஹூக்குக்கும் ஜிப்புக்கும் போகும்.

கே: உட்கார்ந்தால் ஜிப் தானாக இறங்குகிறது. புது ஜிப் மாற்றியும் அதேதான்.

ரன்னர் (ஜிப்பில் ஏறி இறங்கும் பகுதி) பூட்டுள்ளதா, ஏற்றியபின் அதன் நாக்கு கீழே மடிந்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரியென்றால் மேலே உள்ள பதில்தான்: உள் பட்டன் இல்லை, அல்லது இடுப்பு இறுக்கம். மறுபடியும் சொல்கிறேன், ஜிப்பின் மேல் இழுவை விழக்கூடாது. உட்கார்ந்து பார்த்தீர்களா?

கே: பெண்கள் பேண்டில் பக்கவாட்டு மறை ஜிப், பட்டித் தையலில் வந்ததும் சிக்குகிறது.

அங்கே துணி மடிப்புகள் குவிந்திருக்கின்றன. தையல் ஓரங்களைப் படிப்படியாகக் குறைத்து வெட்டுங்கள், அந்த அரை இஞ்சில் மட்டும் பல்லிலிருந்து ஒரு நூல் கனம் தள்ளித் தையுங்கள். இடுப்பு வளைவில் ஜிப் அலைபாய்ந்தால், துணி இழுபட்டிருக்கிறது. ஜிப் வைக்கும் முன் ஓரத்தில் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸ் பட்டி ஒட்டுங்கள்.

கே: ஹூக்குக்குப் பதில் வெல்க்ரோ?

வேண்டாம்.