95-க்கும் 100-க்கும் நடுவில்

மதிப்புக்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். இதை ஒரு பிரச்சினை என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. வேலை போய்விட்டது, மகன் பேசுவதில்லை என்று மற்றவர்கள் எழுதும் இடத்தில், இரும்பு தூக்க முடியவில்லை என்று நான் எழுதுகிறேன்.

எனக்கு 43 முடிந்து 44 நடக்கிறது. மும்பை செம்பூரில் குடியிருக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னதால் மூன்று வருடங்களுக்கு முன்பு வீட்டுக்கு அருகில் உள்ள ஜிம்மில் சேர்ந்தேன். டெட்லிஃப்ட் பிடித்துப்போனது. தரையில் கிடக்கும் பாரை, அதாவது இரண்டு பக்கமும் எடைத் தட்டுகள் மாட்டிய இரும்புக் கம்பியைப் பிடித்து, நிமிர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். 60 கிலோ தூக்கினேன், 80 தூக்கினேன். சென்ற தீபாவளிக்குள் 95. அதன்பிறகு எட்டு மாதங்களாக அங்கேயே நிற்கிறேன். 95-ஐ நிறுத்தாமல் மூன்று முறை தூக்குகிறேன். 100 வைத்தால் பார் தரையை விட்டு எழும்புவதில்லை. பாரின் இரண்டு பக்கமும் பெரிய தட்டுகள் இரண்டிரண்டாக ஏறியதுமே உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. சாக் பொடி எவ்வளவு பூசினாலும் பயனில்லை.

பயிற்சியாளர்தான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். 24 வயதுப் பையன். பாதி நேரம் கைபேசியில் இருப்பான். கேட்டால் "எல்லாம் மனசுதான், காக்கா" என்பான். மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா, மரியாதையாகத்தான் சொல்கிறான். ஆனால் தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற பையன்களும் இப்போது காக்கா என்றே அழைக்கிறார்கள். நான் 100-க்கு நிற்கும்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவன், "உங்கள் குடும்பத்தில் யாராவது பலசாலியா?" என்று கேட்டான். அப்பா சர்க்கரை வியாபாரத்தில் இருந்தார் என்று சொல்லி வைத்தேன்.

மனைவியும் புரிந்துகொள்வதில்லை. "95 தூக்குகிறவருக்கு 100 எதற்கு? யாராவது பரிசு தருகிறார்களா?" என்கிறாள். அம்மாவுக்கு நான் நடைப்பயிற்சிக்குப் போவதாகத்தான் தெரியும். எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டை ஆபீஸ் பைக்குள் வைத்துத்தான் எடுத்துப் போகிறேன். பார்த்தால் அப்பாவை நினைத்துக்கொண்டு அழுவாள். அவர் முதலில் மஸ்ஜித் பந்தர் மொத்தச் சந்தையிலும், சந்தை வாஷிக்கு மாறிய பிறகு அங்கேயும் கிடங்கில் மூட்டை தூக்கினார், நூறு கிலோ மூட்டை. நான் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் மூட்டையோடு, லாரியில் ஏறும் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதெல்லாம் பழைய கதை, இதற்குச் சம்பந்தமில்லாதது.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரங்களுக்கு முன்பு அந்தப் பயிற்சியாளர் செய்த காரியத்தைக் கேளுங்கள். பாரின் எடையே 20. அதில் ஒவ்வொரு பக்கமும் 15, 15, 10 என்று சிறு தட்டுகளாக மாட்டிவிட்டு, "90தான், சும்மா உடம்பைச் சூடாக்க" என்றான். நானும் தூக்கிவிட்டேன். கீழே வைத்ததும் கைதட்டுகிறான்: "காக்கா, அது 100!" எல்லோர் முன்பும் கத்திவிட்டேன். ஒரு கணக்கரை, அதுவும் இந்த வயதில், கணக்கில் ஏமாற்றுவதா? 44 வயதில் முதுகுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? அன்றிலிருந்து நான் அங்கே போகவில்லை. ஜிம்மை மாற்றுவதா, டெட்லிஃப்டையே விட்டுவிடுவதா? மனத்தடையைத் தாண்ட ஏதாவது பயிற்சி இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பையன் செய்தது சரியா என்றும் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்,
செம்பூர், மும்பை.

*

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு 61 வயது, அதனால் தம்பி என்கிறேன். காக்காவுக்கு இது பரவாயில்லை அல்லவா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பையன் செய்தது சரியில்லை. தூக்கப்போகும் எடை எவ்வளவு என்று தெரிந்துகொள்வது தூக்குகிறவரின் உரிமை. ஆனால், 95-ஐ மூன்று முறை தூக்குகிறவரால் 100-ஐ ஒரு முறை தூக்க முடியும் என்ற கணக்கு அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு மாதம் அதைச் சொல்லிப் பார்த்து, நீங்கள் நம்பாமல் போனதால்தான் தட்டுகளை மாற்றி மாட்டியிருக்கிறான். கைபேசியையே பார்ப்பவன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பார்க்காதவனுக்கு இந்த யோசனை தோன்றியிருக்காது.

இன்னொன்று. தூக்க முடியவில்லை என்று தொடங்கிய கடிதத்தின் முடிவில் தூக்கிவிட்டீர்கள். அதைப் படித்து நான் மகிழ்ந்து முடிப்பதற்குள் கத்தத் தொடங்கிவிட்டீர்கள். எட்டு மாதம் ஆசைப்பட்ட ஒன்று கைக்கு வந்தால் மனிதன் சிரிப்பான், அல்லது அழுவான். உங்களுக்குக் கோபம் வந்திருக்கிறது. மன்னியுங்கள், ஏமாற்றப்பட்டவரின் கோபமாக அது எனக்குப் படவில்லை. தண்டவாளத்தைக் கடந்த பிறகு, பின்னால் ரயில் போனதைப் பார்த்தவருக்கு வரும் நடுக்கம் அது.

இந்த இடத்தில் என்னைப் போன்றவர்கள் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவின் கதையைச் சொல்வது வழக்கம். 2016 ரியோ ஒலிம்பிக்கில், எடையைத் தோளுக்கு ஏற்றிப் பிறகு தலைக்கு மேல் உயர்த்தும் இரண்டாம் கட்டமான கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று வாய்ப்புகளிலும் அவரால் எடையைத் தூக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே, இரண்டு கட்டங்களும் சேர்த்து 194 கிலோவுடன் உலக சாம்பியன். டோக்கியோவில் 202 கிலோவுடன் வெள்ளி. நல்ல கதைதான். ஆனால் உங்களுக்கு அது பொருந்தாது. அவருக்கு எதிரே இருந்தது உலகம். உங்களுக்கு எதிரே இருப்பது வேறு.

ஆபீஸ் பைக்குள் இருக்கும் பெல்ட்டுக்கு வருகிறேன். 44 வயது மனிதர் தாயாரிடம் மறைப்பதென்றால் சிகரெட்டை மறைப்பார், கடனை மறைப்பார். நீங்கள் முதுகைக் காப்பதற்கென்று வாங்கிய ஒரு தோல் பெல்ட்டை மறைக்கிறீர்கள். அப்பாவைப் பற்றி இரண்டே வாக்கியங்கள் எழுதிவிட்டு, "சம்பந்தமில்லாதது" என்று நீங்களே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். முப்பது வருடமாகக் கடிதங்கள் படிக்கிறேன். அந்தச் சொல்லைப் பார்த்தால் அடிக்கோடு போடுவது என் பழக்கம்.

கடிதம் முழுவதும் எடைகளை எண்ணால் எழுதிய நீங்கள், ஒரே ஓர் இடத்தில் மட்டும் "நூறு" என்று எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள்: மூட்டைக்கு. 80 உங்களைப் பயமுறுத்தவில்லை, 95 பயமுறுத்தவில்லை. சிறு தட்டுகளாக வந்த 100-கூட ஒன்றும் செய்யவில்லை. பெரிய தட்டுகள் இரண்டிரண்டாக ஏறினால்தான் கை வியர்க்கிறது. அப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது பார்தானா? பலகையில் உட்கார்ந்தபோது அப்பாவுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் வயதை மட்டும் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். நான் ஊகிப்பது சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பயம் வந்த உடம்பு தூக்குவதற்கு முன்பே தோற்றுவிடும். மூச்சை வயிற்றில் நிறைத்து முதுகை இறுக்குவதற்குப் பதிலாக, தோளும் கையும் இறுகும். கால் தரையைத் தள்ளுவதற்குள் கை இழுக்கத் தொடங்கிவிடும். உங்கள் பையன் "மனசுதான்" என்று சொன்னதில் பொய்யில்லை. என்ன மனசு என்று சொல்லத்தான் அவனுக்கு வழியில்லை. அப்பா சர்க்கரை வியாபாரி என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறீர்களே!

அந்தப் பொய்யை நான் எளிதில் விடப்போவதில்லை, தம்பி. உங்கள் பள்ளிக்கூடக் கட்டணமும் கணக்குப் படிப்பும் அந்த மூட்டைகளிலிருந்து வந்தவை. பலசாலி யாராவது உண்டா என்று கேட்ட பையனுக்கு உண்மையான பதில் உங்களிடம் தயாராக இருந்தது. நூறு கிலோவைப் பார்த்து நீங்கள் பயப்படுவதில் பாதி, முதுகைப் பற்றிய பயம். மறுபாதி, கூலிக்காரர் மகன் என்று தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் என்று நினைக்கிறேன். முதல் பாதிக்கு நான் உங்கள் பக்கம். இரண்டாவதற்கு அப்பாவின் பக்கம்.

முதுகைப் பற்றிச் சொல்கிறேன். அவர் தூக்கியதும் நீங்கள் தூக்குவதும் எடையில்தான் ஒன்று. அவருடைய மூட்டை பிடியில்லாத சாக்கு. உடம்பை வளைத்து, திருப்பி, முதுகில் வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்பதை லாரி தீர்மானிக்கும். வலித்தாலும் மறுநாள் போக வேண்டும். நீங்கள் காலை ஒட்டி நிற்கும் ஒரு கம்பியைத் தூக்குகிறீர்கள், மூன்று முறை, பிறகு மூன்று நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறீர்கள். பாதியில் முடியவில்லை என்றால் பாரைத் தரைக்கே விட்டுவிடலாம். டெட்லிஃப்டில் பார் உங்கள் மேல் விழாது. அவரால் மூட்டையை அப்படி விட முடியுமா? சாக்கு கிழிந்து சர்க்கரை சிந்தினால் கூலி யாருடையது? மகாராஷ்டிராவில் சுமை தூக்குவோருக்கென்று 1969-லேயே மாத்தாடி சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்ததால் மூட்டையின் எடை குறைந்துவிடவில்லை.

உங்கள் குடும்பம் நெல்லைச் சீமையா என்று தெரியவில்லை. மும்பைத் தமிழர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள் என்பதால் கேட்கிறேன். அந்த ஊர்களில் இளவட்டக்கல் கிடக்கும். வழவழப்பான உருண்டைக் கல், பிடிக்க இடமே இருக்காது. முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய், கடைசியில் என்ன செய்வார்கள்? பின்னால் போட்டுவிடுவார்கள். அப்படிப் போடுவதைப் பார்க்கத்தான் கூட்டமே நிற்கும். உங்கள் அப்பா மும்பைக்கு ரயில் ஏறுவதற்கு முன்பு அப்படி ஒரு கல்லைத் தூக்கியிருக்கவும் கூடும். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள்.

அம்மா அழுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அழட்டுமே. அந்த முதுகுக்கு எண்ணெய் தடவியவர் அவர். அழ அவருக்கு உரிமை உண்டு. பெல்ட்டை மேசைமேல் எடுத்து வையுங்கள். எப்படித் தூக்குகிறீர்கள் என்று ஒரு துடைப்பத்தைப் பிடித்துச் செய்து காட்டுங்கள். அவர் திட்டினால், "சரி, அப்பா எப்படித் தூக்குவார்?" என்று கேளுங்கள். இந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் இதுவரை கேட்டிருக்கமாட்டார்கள்.

மனப்பயிற்சி கேட்டீர்கள். சிறியதாக ஒன்று: ஒரு மாதத்துக்கு 97.5 போதும். ஒன்றேகால் கிலோ தட்டுகள் இரண்டு எல்லா ஜிம்மிலும் கிடக்கும். இடையில் ஒரு நாள் 100 வைத்து, பாதி உயரத்தில் வேண்டுமென்றே இறக்கிவிடுங்கள், சத்தம் கேட்கட்டும். 100-ஐக் கீழே விட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதைக் கை பழகிக்கொள்ள வேண்டும். பயிற்சியாளரிடம் முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முதுகில் உண்மையாகவே வலியோ, காலில் மரமரப்போ இருந்தால் நான் சொன்னது எதுவும் செல்லாது. எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

ஜிம்மை மாற்றாதீர்கள். அடுத்த ஜிம்மிலும் 20 கிலோத் தட்டு அதே அளவில்தான் இருக்கும். திங்கட்கிழமை போய், கத்தியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். இனி எடையைச் சொல்லிவிட்டு மாட்டு என்றும் சொல்லுங்கள். பலசாலி யாராவது உண்டா என்று கேட்ட அந்த இன்னொரு பையனுக்கு ஒரு கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்து, பதிலைத் திருத்திச் சொல்லுங்கள்.

காக்கா என்று அழைத்தால் அழைத்துவிட்டுப் போகட்டும்.