முகாம் சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள், கடைவாய்ப் பல்லைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 7 வயது, தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் நடந்த இலவசப் பல் முகாமில் நான்கு பல் சொத்தை, அதில் ஒன்றுக்கு ரூட் கேனல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளுக்குள் முன்பணம் கட்டினால் பாதிக் கட்டணம் என்று தினமும் போன் வருகிறது. அவளுக்கு வலி எதுவும் இல்லை. பணம் கட்டலாமா, பால் பல்தானே என்று விட்டுவிடலாமா?

பதில்: பணம் கட்ட வேண்டாம் அம்மா. அதற்காக விட்டுவிடவும் வேண்டாம், இந்த மாதத்துக்குள் வேறு ஒரு பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

முகாமில் நடப்பது என்னவென்றால், வகுப்பறை வெளிச்சத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம், அடுத்த பிள்ளை. அந்த அரை நிமிடத்தில் பல் பள்ளத்தில் இருப்பது வெறும் கறையா சொத்தையா என்று எல்லா நேரமும் பிரித்துச் சொல்ல முடியாது, எக்ஸ்ரே எடுக்காமல் ரூட் கேனல் என்று முடிவாகச் சொல்லவே கூடாது. நேர்மையாக முகாம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்கள் "ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று எழுதித் தருவதோடு சரி. உங்கள் போன் நம்பரைப் பள்ளியிலிருந்து வாங்கி, தள்ளுபடி, மாதத் தவணை, குடும்பச் சலுகை அட்டை என்று பேசுகிறவர் மருத்துவர் இல்லை, ஆள் பிடித்துக் கொடுப்பதற்குக் கமிஷன் வாங்குகிறவர். சொத்தை பத்து நாள் கெடு வைத்துக்கொண்டு வளர்வதில்லை! வலி, வீக்கம், காய்ச்சல், ஈறில் சீழ்க் கொப்புளம் இருந்தால் அன்றைக்கே ஓட வேண்டும், இல்லாவிட்டால் நிதானமாக இன்னொரு கருத்துக் கேட்க நேரம் இருக்கிறது.

இப்போது அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள், பற்களுக்கு எண் போட்டிருப்பார்கள். 5, 6, 7, 8-இல் தொடங்கினால் பால் பல். 16, 26, 36, 46 என்றிருந்தால் நிரந்தரக் கடைவாய்ப் பல், அதுதான் முக்கியம். 6 வயதை ஒட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் மேலே இரண்டு கீழே இரண்டாக இவை முளைக்கும், எதுவும் விழாததால் இதையும் பால் பல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். பால் பல்லிலும் கடைவாய்ப் பல் 10, 12 வயது வரை இருந்தாக வேண்டியது, ஆகவே "விழுந்துவிடும்" என்ற பேச்சே வேண்டாம்.

புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லின் பள்ளங்கள் பிரஷ் நார் கூட நுழையாத அளவு குறுகலாக இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் அங்கே தங்கியது தங்கியதுதான். அதற்குத்தான் சீலன்ட். பல்லைச் சுத்தம் செய்து, காயவைத்து, பள்ளத்தில் பிசின் போன்ற ஒன்றைப் பூசி, நீல விளக்கு காட்டி இறுக்கிவிடுவார்கள், ஊசி கிடையாது, வலி கிடையாது. கூடவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபுளோரைடு வார்னிஷ், அது சொத்தை வராமலிருக்கப் பல்லின் மேல் பூசுவது. மருத்துவரிடம் "எந்தப் பல்லுக்கு ஃபில்லிங், எந்தப் பல்லுக்கு சீலன்ட் போதும்?" என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

செலவுக்குப் பயந்தால், பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவைக் கேளுங்கள். சென்னையில் அரசுக் கல்லூரி இருக்கிறது, புதுக்கோட்டையில் 2023-இல் ஒன்று வந்தது. தனியார் கல்லூரியிலும் வெளியில் ஆகிற கட்டணம் ஆகாது, மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் மேற்பார்க்க வேண்டும் என்பதால் அரை நாள் போய்விடும், அவ்வளவுதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் 18 வயது வரை பரிசோதனை உண்டு, பல் சொத்தையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பார்த்து, சீட்டு எழுதி, மாவட்டத் தலைநகருக்கு அனுப்பினால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்த அம்மா பஸ் ஏறுவார்? பள்ளிக்கே போகிற குழு அங்கேயே வார்னிஷைப் பூசிவிட்டு வந்தால் என்ன? காப்பீடும் அப்படித்தான், பெரும்பாலானவை சீலன்டுக்குக் காசு தராது, பல் உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் தரும்.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் என்றால் ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆகாது. முன்பற்களில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுண்ணாம்பு வெள்ளைக் கோடோ பழுப்புத் திட்டோ இருந்தால் அது அந்தத் தண்ணீரால் வந்த கறையாக இருக்கலாம், சொத்தையாக இருக்க வாய்ப்புக் குறைவு, ஃபில்லிங் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, சுண்டச் சுண்ட அதிகம்தான் ஆகும், ஆர்ஓ வடிகட்டும். எட்டு வயதுக்குள் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் அதையே கொடுங்கள், ஏனென்றால் கறை படிவது தாடை எலும்புக்குள் பல் உருவாகும்போதுதான், முளைத்த பிறகு புதிதாக வராது. இதைச் சாக்காக வைத்து ஃபுளோரைடு இல்லாத பற்பசையை இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள், வாங்காதீர்கள். பட்டாணி அளவு சாதாரணப் பற்பசை, தேய்த்ததும் துப்பச் சொல்லுங்கள், இரவு தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும். உங்கள் மகளுக்கு மருத்துவர் வார்னிஷ் வைக்கச் சொன்னால் அந்த ஊரிலும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், அது ஒரு துளி, அதுவும் பல்லின் மேல்தான் படிகிறது.