ஒரே கையெழுத்தில் போன குழாய்

கேள்வி: கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் கீஸ்டோன் எக்ஸ்எல் குழாய்க்கு டிரம்ப் அனுமதி கொடுத்தார். பைடன் பதவியேற்ற அன்றே ரத்து செய்தார். ஒரு அரசு கொடுத்த வாக்கை அடுத்த அரசு இப்படித் தூக்கியெறியலாமா? முதல் போட்டவன் கதி என்ன?
- வாசகர், கோவை

பதில்: வாக்கு எங்கே கொடுத்தார்கள்? 2019 மார்ச்சில் டிரம்ப் கையெழுத்திட்ட அந்த அனுமதியின் முதல் பிரிவிலேயே, அதிபர் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் இதை ரத்து செய்யலாம் என்று எழுதியிருக்கிறது. பைடன் செய்தது அதைத்தான்.

அப்படி ஓர் அனுமதி ஏன் வந்தது என்பதுதான் கதை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து ஹார்டிஸ்டியிலிருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா வரை சுமார் 1,900 கிலோமீட்டர், நாளுக்கு 8.3 லட்சம் பீப்பாய். டிரான்ஸ்கனடா நிறுவனம் விண்ணப்பித்தது 2008-இல். எல்லை தாண்டும் குழாய் என்பதால் அமெரிக்க வெளியுறவுத் துறை ஆராய்ந்தது. ஏழு வருஷம் இழுத்தடித்து 2015 நவம்பரில் ஒபாமா முடியாது என்றார். (குழாய் வந்தாலும் வராவிட்டாலும் எண்ணெய் எடுப்பதில் பெரிய மாற்றம் இருக்காது என்று அதே துறையின் 2014 அறிக்கை சொல்லியிருந்தது. அந்த மறுப்பிலும் அரசியல் இருந்தது.) 2017-இல் டிரம்ப் வந்ததும் அதே துறை அனுமதி கொடுத்தது. மறு வருஷமே மொன்டானா நீதிமன்றம், சுற்றுச்சூழல் ஆய்வு போதாது, திரும்பச் செய்யுங்கள் என்று நிறுத்திவைத்தது.

சரி, ஆய்வை ஒழுங்காக முடித்திருக்கலாம். டிரம்ப் பழைய அனுமதியைக் கிழித்துப் போட்டுவிட்டு, தன் பெயரிலேயே புதிதாக ஒன்றைக் கொடுத்தார். சுற்றுச்சூழல் ஆய்வுச் சட்டம் அரசுத் துறைகளைத்தான் கட்டுப்படுத்தும், அதிபரை அல்ல என்பது அவர் தரப்பு வாதம். ஆய்வும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம் என்று வந்த அனுமதியை ரத்து செய்யவும் அவை தேவைப்படவில்லை. பைடனுக்கு ஒரு உத்தரவில் ஒரு பிரிவு போதுமானதாக இருந்தது. அவர் ஊரைக் கேட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. குறுக்கு வழியை வெட்டிவைத்தவர் முன்னவர் என்கிறேன்.

முதல் போட்டவன் கதியைக் கேட்டீர்கள். நிறுவனம், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தைக் காட்டி, 1,500 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு அமெரிக்க அரசு மீது வழக்குப் போட்டது. அந்தப் பழைய ஒப்பந்தம் 2020 ஜூலையிலேயே போய்விட்டது, ரத்து நடந்தது 2021-இல், எனவே விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று 2024-இல் தீர்ப்பாயம் கைகழுவியது. ஆனால் நிறுவனத்துக்காக நான் கண்ணீர் விடமாட்டேன். முதல் போட்டது அது மட்டுமல்ல. 2020 மார்ச்சில், நவம்பரில் தேர்தல் என்று தெரிந்தே, 150 கோடி கனடிய டாலர் பொதுப்பணத்தை இதில் இறக்கியது ஆல்பர்ட்டா அரசு. போனது ஏறத்தாழ 130 கோடி. மிஞ்சிய குழாய்களை விற்றாவது கொஞ்சம் தேற்றலாம் என்று முதல்வர் ஜேசன் கென்னியே பேசவேண்டி வந்தது.