அவ்வளவு பெரிய விமானம் கண்ணுக்குத் தெரியாமலா போகும்?

கேள்வி: 2022-ல் டல்லாஸ் விமான சாகசக் காட்சியில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமானங்கள் இரண்டு நடுவானில் மோதி ஆறு பேர் இறந்தார்கள். நான்கு இன்ஜின் வைத்த குண்டுவீச்சு விமானம் பின்னால் வந்த விமானிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

தெரியாமல் போகும். அந்த விபத்தின் வீடியோவுக்குக் கீழே "கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினானா?" என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நவம்பர் 12, சனிக்கிழமை மதியம். டல்லாஸ் எக்சிகியூட்டிவ் விமான நிலையத்துக்கு மேலே எட்டு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. ஐந்து குண்டுவீச்சு விமானங்கள் ஒரு அணி, மூன்று சண்டை விமானங்கள் இன்னொரு அணி. சண்டை விமானங்களில் மூன்றாவதாக வந்தது பி-63 கிங்கோப்ரா. அது இடது பக்கம் சாய்ந்து திரும்பியபடியே வந்து, 'டெக்சாஸ் ரெய்டர்ஸ்' என்ற பி-17 குண்டுவீச்சு விமானத்தின் இடது பக்கத்தில், இறக்கைக்குச் சற்றுப் பின்னால் மோதியது. பி-17-ல் ஐந்து பேர், கிங்கோப்ராவில் ஒருவர். யாரும் பிழைக்கவில்லை. தரையில் யாருக்கும் அடிபடவில்லை.

அந்த "இறக்கைக்குச் சற்றுப் பின்னால்" என்பதைக் கவனியுங்கள். டெக்சாஸில் ஒரு காட்சியில் தரையில் நிறுத்தி வைத்திருந்த வேறொரு பி-17-க்குள் நான் ஏறிப் பார்த்திருக்கிறேன். குண்டு அடுக்கும் பகுதியைத் தாண்ட ஒரு ஒடுக்கமான பலகைதான் வழி, உடம்பை ஒருக்களித்துத்தான் போக வேண்டும். எங்கும் எண்ணெய் வாடை. விமானி இருக்கைக்குப் பின்னால் நின்று இடது ஜன்னல் வழியாகப் பார்த்தால் இறக்கையும் இரண்டு இன்ஜின்களும் தெரியும், அவ்வளவுதான். பின்னால் இருந்து வருவது எதுவும் அங்கிருந்து தெரியாது.

சரி, கிங்கோப்ரா விமானிக்கு? விமானம் திரும்பும்போது சாயும். சாய்ந்ததும், திருப்பத்துக்கு வெளிப்பக்கமும் அடியிலும் இருப்பதை அதன் மூக்கும் இறக்கையுமே மறைத்துவிடும். பஸ் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கண்ணாடி ஓரத் தூணுக்குப் பின்னால் ஒரு பைக் முழுசாக மறைந்துபோவதைச் சொல்வார்கள். இங்கே அவர் முன்னால் போகும் இரண்டு விமானங்களைத் தொடர வேண்டும், ரேடியோவைக் கேட்க வேண்டும், கூட்டத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பறக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். எல்லாம் சில வினாடிகளுக்குள்.

அப்புறம், நிஜமான காரணத்துக்கு வருகிறேன். காட்சியின்போது வானத்தில் யார் எங்கே போக வேண்டும் என்று ரேடியோவில் சொல்கிறவரை ஏர் பாஸ் என்பார்கள். சண்டை விமானங்கள் குண்டுவீச்சு விமானங்களை முந்திப் போய் 500 அடிக் கோட்டில் வர வேண்டும், குண்டுவீச்சு விமானங்கள் 1,000 அடிக் கோட்டில் என்று அன்று அவர் சொன்னார். இந்த அடிக்கணக்கு பார்வையாளர்களிடமிருந்து பக்கவாட்டுத் தூரம், உயரம் இல்லை. எந்த அணி எந்த உயரத்தில் என்று கிளம்பும் முன்பும் பேசவில்லை, பறக்கும்போதும் சொல்லவில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024 டிசம்பரில் முக்கியக் காரணமாகச் சொன்னதும் இதைத்தான். விமானங்களைப் பிரித்து வைக்க முன்கூட்டியே ஒரு திட்டம் இல்லை. ஏர் பாஸ் அந்தந்த நேரத்தில் சொல்வதையும், விமானிகள் ஒருவரை ஒருவர் பார்த்து விலகிக்கொள்வார்கள் என்பதையும் நம்பியிருந்தார்கள். பார்வையை மறைத்த விமான பாகங்களும் மனிதக் கண்ணின் எல்லையும் துணைக் காரணங்கள்.

காலைக் கூட்டத்தில் "நீங்கள் மேலே, நாங்கள் கீழே" என்று ஒரு வரி பேசி முடித்திருந்தால், அந்த விமானி பார்த்தாரா இல்லையா என்ற கேள்வியே எழுந்திருக்காது. பி-17-ல் இருந்தவர்களில் பயணிகள் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர்களும் உண்டு. அனுபவத்துக்கு அங்கே குறைவே இல்லை.

பழைய விமானங்களைப் பறக்க விடுவதே தப்பு என்றும் சிலர் சொல்கிறார்கள். 2019-ல் கனெக்டிகட்டில் இன்னொரு பி-17 விழுந்து ஏழு பேர் இறந்ததால் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. கட்டிய 12,731 பி-17-களில் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஆனால் டல்லாஸ் விபத்துக்கு வாரியம் சொன்ன காரணங்களில் விமானத்தின் வயது இல்லை.