பள்ளத்தில் குளிர் தேங்கும்

கேள்வி: எங்கள் தோட்டத்தின் கடைசி மூலை கொஞ்சம் பள்ளம். காற்று அடிக்காது, மண் எப்போதும் ஈரமாகவே இருக்கும். வேறு எதற்கும் பயன்படாத அந்த இடத்தில் ஓர் ஆப்பிள் கன்று வைக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. தயவுசெய்து வைக்காதீர்கள். நீங்கள் அந்த மூலையைப் பற்றிச் சொன்ன பள்ளம், ஈரம், காற்றின்மை மூன்றும்தான் அந்த மரத்துக்கு எமன்.

குளிர்ந்த காற்று கனமானது. அசைவில்லாத இரவில் அது தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். ஆப்பிளுக்குக் குளிர் வேண்டியதுதான். இலை உதிர்த்து உறங்கும் மாதங்களில் கடுங்குளிரையும் தாங்கும். பூ விரிந்துவிட்டால் அந்தத் தெம்பு இருக்காது. மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் வாக்கில் பூக்கள் சாகத் தொடங்கும். மைனஸ் 4 ஆனால் பத்தில் ஒன்பது போய்விடும். உறைபனி தாக்கிய பூவைப் பிய்த்துப் பாருங்கள். இதழ் வெள்ளை வெளேரென்று இருக்கும், நடுவில் சூலகம் மட்டும் கறுத்திருக்கும். அந்தப் பூ காயாகாது. அதே தோட்டத்தில் சற்று மேட்டில் நிற்கும் மரமோ தப்பித்துக் காய்க்கும். உறைபனி விழுந்த காலையில் ஒரு நடை போய்வாருங்கள். புல்லில் வெண்மை கடைசிவரை கரையாமல் கிடக்கும் இடம் எதுவோ, அது ஆப்பிளுக்கு ஆகாத இடம்.

அடுத்து அந்த ஈரம். தண்ணீர் கட்டும் மண்ணில் வேர் மூச்சு முட்டி அழுகும். ஓரடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு அளவு பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். மறுநாளும் தண்ணீர் நின்றால், அல்லது குழியின் பக்கவாட்டு மண் சாம்பல் பூத்துச் சேற்று நாற்றம் அடித்தால், அந்த இடத்தை மறந்துவிடுங்கள். காற்றோட்டம் இல்லையென்றால் இலை உலராது, சொறிநோய் என்ற பூஞ்சை நோய் வரும்; புயற்காற்றுக்கு மட்டும் மறைவு இருந்தால் போதும்.

சரி, எங்கே வைப்பது? சரிவின் நடுப்பகுதியில், தினம் 6 முதல் 8 மணி நேரம் வெயில் படும் இடத்தில். காலை வெயில் விழுந்தால் இன்னும் நல்லது, பனி சீக்கிரம் உலரும். பழைய ஆப்பிள் மரத்தைப் பிடுங்கிய குழி வேண்டாம். அந்த மண்ணில் புதுக் கன்று நோஞ்சானாகவே நிற்கும். அப்புறம், தேனீ போய்வரும் தூரத்தில், அதே சமயத்தில் பூக்கும் வேறொரு ரக ஆப்பிளும் வேண்டும். பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தால் சரியாகக் காய்ப்பதில்லை.

'வேறு எதற்கும் பயன்படாத இடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோதுதான் மனசு கேட்கவில்லை. வீரியமான வேர்ச்செடியில் (ஒட்டுக்கு வேர் தரும் அடிச்செடியில்) ஒட்டுக் கட்டிய ஆப்பிள், இடம் பிடித்துவிட்டால் ஐம்பது ஆண்டுகூட நிற்கும். தோட்டத்திலேயே நல்ல இடத்தை அதற்குக் கொடுங்கள், மிச்சத்தில் மற்றதை வைத்துக்கொள்ளலாம். முதலில் இரண்டு மூன்று இடங்களில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கன்று வாங்குவது அதற்கு அப்புறம்.